டான்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கிறீங்களா? சலங்கை கட்டறதுக்கு முன்னாடி பேசி வெச்சுக்க வேண்டியது

அரங்கேற்றம் முடிஞ்ச கையோட, இல்ல பரதத்துல டிகிரி வாங்கின கையோட, வீட்டு மாடில ஷீட் போட்டு போர்டு மாட்டி கிளாஸ் ஆரம்பிக்கிற தங்கச்சி தம்பிங்க நம்ம பக்கம் நிறைய பேர் இருக்காங்க. கடலூர்ல மஞ்சக்குப்பம், கூத்தப்பாக்கம், செம்மண்டலம், அப்படியே பாண்டி பக்கம் போனா தவளக்குப்பம், அரியாங்குப்பம், லாஸ்பேட்டைன்னு எந்தத் தெருவுல போனாலும் சாயங்காலம் ஆனா "தெய்யா தெய்" சத்தம் கேக்குது, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா நல்லா ஆடத் தெரிஞ்சிருக்கிறது வேற, ஊரான் வீட்டுப் புள்ளைங்கள நம்பி அனுப்பற ஒரு இடத்த நடத்தறது வேற. அடவு (அடிப்படை அசைவு), ஜதி (தாளச் சொற்கட்டு), நட்டுவாங்கம் (தாளம் போட்டு ஆட்டத்த நடத்தறது) எல்லாம் குரு கத்துக் கொடுத்துடறாங்க, கிளாஸ்ல எப்படி நடந்துக்கணும்னு யாரும் உக்கார வெச்சு சொல்றதில்ல, அதனாலதான் இத எழுதறேன்.

என்னோட அனுபவத்துல கிளாஸ்ல வர்ற சண்டை, மனஸ்தாபம், அழுகை எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான், முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியத சொல்லாம விட்டது. ஃபீஸ் சொல்லல, முதல் தடவை சலங்கை கட்டற சலங்கை பூஜைக்கு எவ்ளோ ஆகும்னு சொல்லல, புள்ளைய தொட்டு திருத்துவோம்னு சொல்லல, லீவு எப்பன்னு சொல்லல. அதனால சேர வர்ற அன்னைக்கே ஒரு பேப்பர் கொடுங்க. தமிழ்லயே அடிச்சு ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணுல கையெழுத்து வாங்கி உங்க ஃபைல்ல. மாச ஃபீஸ், எந்த தேதிக்குள்ள, டைமிங், புள்ளைய கூட்டிட்டுப் போக யார் யார் வரலாம், அவசரத்துக்கு ரெண்டு போன் நம்பர், ஆஸ்துமா வலிப்பு மாதிரி ஏதாவது இருக்கா, போட்டோ எடுத்து போடலாமா வேண்டாமா, இவ்ளோ போதும். மழை லீவையும் அதுலயே எழுதிடுங்க, ஏன்னா நவம்பர் டிசம்பர்ல கடலூர் கலெக்டர் லீவு விட்டிருப்பாங்க பாண்டில ஸ்கூல் இருக்கும், இல்லன்னா நேர்மாறா இருக்கும், ரெட்டிச்சாவடில வீடு தவளக்குப்பத்துல கிளாஸ்னு வர்ற புள்ளைங்களோட அம்மாங்க குழம்பிப் போய் போன் மேல போன் போடுவாங்க. ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கம் லீவு விட்டாலும் நம்ம கிளாஸும் லீவுன்னு எழுதிட்டா முடிஞ்சுது.

தொட்டு திருத்தறது

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். பரதத்துல கை வெச்சு திருத்தாம சொல்லித் தரவே முடியாதுன்னு நம்மள்ல நிறைய பேர் நம்பறோம், நம்ம குருவும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா முக்காவாசி திருத்தத்த தொடாமலே செய்யலாம். நீங்க பக்கத்துல நின்னு ஆடிக் காட்டுங்க, ஒரு பெரிய கண்ணாடி மாட்டுங்க, "முழங்கைய தோள் உயரத்துக்கு தூக்கு, முதுக நிமுத்து, முட்டி சுண்டுவிரல் பக்கம் போகட்டும்"னு வாயால சொல்லுங்க, அந்த புள்ளையோட கையாலயே அவ இடுப்ப பிடிச்சு பாக்க சொல்லுங்க. அப்பவும் தொட வேண்டி வந்தா "உன் முழங்கைய பிடிச்சு காட்டட்டுமா கண்ணு"ன்னு கேட்டுட்டு, அவ சரின்னு சொன்னப்பறம் தொடுங்க. அஞ்சு வயசு குழந்தைகிட்டயும் கேளுங்க. வேண்டாம்னு சொன்னா முகத்த சுளிக்காதீங்க, அன்னைக்கு விட்டுடுங்க.

தோள், முழங்கை, மணிக்கட்டு, பாதம், இதுக்கு மேல கை போக வேண்டிய அவசியம் ரொம்ப கம்மி. தொடைய அமுக்கி அரைமண்டி (முட்டிய மடக்கி பாதி உக்காந்த நிலை) எறக்கறது, இடுப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு திருப்பறது, நெஞ்ச நிமுத்தறேன்னு கை வைக்கிறது, இதெல்லாம் ஆம்பள மாஸ்டரா இருந்தாலும் பொம்பள டீச்சரா இருந்தாலும் வேண்டாம். "நான் பொம்பளதானே எனக்கென்ன"ன்னு நினைக்காதீங்க, அந்த குழந்தைக்கு அது அவ உடம்பு, அவ்ளோதான். சீனியர் பொண்ணுங்கள வெச்சு சின்ன புள்ளைங்களுக்கு சொல்லித் தர வெச்சீங்கன்னா அவங்களுக்கும் இதே ரூல்தான், உங்க கிளாஸ்ல நடக்கிற எல்லாத்துக்கும் பொறுப்பு நீங்கதான்.

கதவு தொறந்தே இருக்கட்டும். தனி கிளாஸ் எடுக்கணும்னா வீட்டுல வேற ஒருத்தர் இருக்கிற நேரமா பாருங்க, இல்ல அந்த அம்மாவையோ பாட்டியையோ திண்ணைல உக்கார சொல்லுங்க. பெத்தவங்க வந்து உக்காந்தா புள்ளைங்க கவனம் செதறும்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல உண்மை இருக்கு, ஆனா எப்ப வேணா வந்து எட்டிப் பாக்கலாம்ங்கற சுதந்திரம் அவங்களுக்கு இருக்கணும், எட்டிப் பாக்கவே கூடாதுன்னு சொல்ற கிளாஸுக்கு என் புள்ளைய நான் அனுப்ப மாட்டேன்.

கழி தட்டுமனைக்கு மட்டும்

தட்டுமனைங்கற மரக்கட்டைல டீச்சர் தட்டற குச்சிதான் தட்டுக்கழி, அது தாளம் தட்டத்தான். அது கால்ல விழறதும், கோவத்துல பறந்து போய் ஒரு புள்ள முட்டில படறதும் "அந்தக் காலத்து குரு பக்தி"ன்னு பெருமையா பேசறவங்க இருக்காங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். ஸ்கூல்ல அடிக்கிறதையும் மனசு நோகப் பண்றதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுலயே தடை பண்ணிட்டாங்க, ஸ்கூல் விட்டு நேரா நம்மகிட்ட வர்ற அதே புள்ளைய நம்ம அடிக்கலாம்னு நினைக்கிறது எந்த நியாயம்?

கழிய விட வாய் இன்னும் மோசம். "குண்டா இருக்க, வர்ணம் (ரொம்ப நேரம் ஆடற நீளமான நடனம்) ஆட மூச்சு வாங்கும்", "கொஞ்சம் கலரா இருக்கிற புள்ளைய முன்னாடி நிறுத்து", "உன் பல்லுக்கு அபிநயம் (முகபாவம்) வராது", இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு மறந்துடுவோம், அந்த புள்ள கல்யாணம் ஆகி புள்ள பெத்தப்பறமும் மறக்காது. குரூப்ல யார் முன்னாடி நிக்கணும்ங்கறத உயரத்த வெச்சு முடிவு பண்ணுங்க, இல்லன்னா பாட்டுக்கு பாட்டு வரிசைய மாத்துங்க. பசங்க ஆட வந்தா "பொம்பள மாதிரி"ன்னு மத்த புள்ளைங்க கேலி பண்ணும், அத முதல் நாளே அடக்குங்க. நமக்கு பக்கத்துலயே சிதம்பரத்துல ஆடறது யாரு, நடராஜர்தானே!

முட்டி, தரை, வெயில்

அரைமண்டில கால் திரும்ப வேண்டியது இடுப்புலேர்ந்து. இடுப்பு திரும்பாத புள்ள பாதத்த மட்டும் வம்படியா திருப்பி வெச்சா பாரம் பூரா முட்டில முறுக்கிக்கிட்டு போகும். முட்டி எந்தப் பக்கமோ பாதமும் அந்தப் பக்கம், அத தாண்டி இழுக்காதீங்க. போட்டோல அழகா தெரியணும்னு ஏழு வயசு புள்ளைய முழுசா எறக்காதீங்க, வருஷம் போகப் போக தானா எறங்கும். பத்து வயசுலேர்ந்து பதினாலு வயசுக்குள்ள திடீர்னு உயரமாகற சமயத்துல முட்டிக்கு கீழ எலும்பு முண்டு மாதிரி இருக்கிற எடத்துல வலிக்குதுன்னு சொல்வாங்க, அது சாக்கு இல்ல, வளர்ற எலும்ப தசைநார் இழுக்கிறதால நெஜமாவே வர்ற வலி. அந்த சமயம் குதிக்கிற அடவு, முழுமண்டி (முழுசா எறங்கி உக்கார்ற நிலை) எல்லாத்தையும் நிறுத்தி அபிநயம், தாளம் போடறது, பாட்டுன்னு மாத்துங்க. வீங்கினா, நொண்டினா, ஒரு வாரத்துல போகலன்னா டாக்டர்கிட்ட அனுப்புங்க, கடலூர் ஜிஎச் இருக்கு, பாண்டில ஜிப்மர் இருக்கு, நம்மளே தைலம் தடவி நீவி விடற வேலை வேண்டாம்.

மொட்டை மாடி சிமெண்ட் தரைல கீழ துளி கூட நெகிழ்வு இல்ல, தட்டற தட்டு அப்படியே கெண்டைக்கால் எலும்புக்கு ஏறும். மரப்பலகை போட முடிஞ்சா ரொம்ப நல்லது, முடியலன்னா மூணாங்காலத்த (ரொம்ப வேகமா ஆடறத) தொடர்ந்து தட்ட வைக்காதீங்க. டைல்ஸ்னா வேர்வை சொட்டினா வழுக்கும், ஒரு துணி பக்கத்துலயே இருக்கட்டும். முதல் பத்து நிமிஷம் வார்ம் அப் கண்டிப்பா. ஷீட் போட்ட மாடில கத்திரி வெயில் சமயம் நாலு மணி கிளாஸ் கொடுமை, ஆறுக்கு தள்ளுங்க, இல்லன்னா காலைல ஆறரைக்கு வைங்க. தண்ணி கேக்கிற புள்ளைய "வர்ணம் முடிச்சுட்டு குடி"ன்னு நிறுத்தி வைக்காதீங்க. பீரியட்ஸ் நாள்ல முடியலன்னா உக்காந்து பாக்கட்டும், ஏன்னு கேட்டு எல்லார் முன்னாடியும் நெளிய வைக்க வேண்டாம், ஆடறேன்னு சொன்னா ஆடட்டும், பாத்ரூம்ல ஒரு நாப்கின் பாக்கெட் வெச்சிருங்க.

போன், ரீல்ஸ், கிரீன் ரூம்

வாட்ஸ்அப் குரூப் பெத்தவங்க நம்பர்ல இருக்கட்டும். புள்ளைங்களுக்கு தனியா மெசேஜ் போடாதீங்க, பத்தாவது படிக்கிற பொண்ணே "மிஸ் ஒரு டவுட்"னு ராத்திரி மெசேஜ் பண்ணாலும் அம்மா இருக்கிற குரூப்ல பதில் சொல்லுங்க. இதுல மாஸ்டர்மாருங்க இன்னும் ரெண்டு மடங்கு கவனமா இருங்க, உங்களுக்கும் அது பாதுகாப்பு.

ரீல்ஸ் போட்டாதான் அட்மிஷன் வருதுன்னு எனக்கும் தெரியும். அந்த பேப்பர்ல போட்டோ வேண்டாம்னு எழுதினவங்க புள்ளைய எந்த வீடியோலயும் போடாதீங்க, ஓரமா நிக்குதுன்னாலும் போடாதீங்க. சரின்னு சொன்னவங்களோட புள்ளைய போட்டாலும் பேர், ஸ்கூல் யூனிஃபார்ம், கிளாஸ் நடக்கிற நேரம் இதெல்லாம் சேந்தாப்புல தெரியாம பாத்துக்கோங்க. கமெண்ட்ல ஒருத்தன் கன்னாபின்னான்னு எழுதினா உடனே எடுத்துடுங்க.

நிகழ்ச்சி அன்னைக்கு கிரீன் ரூம் நம்ம பக்கத்து கோயில் விழாக்கள்ல எப்படி இருக்கும்னு தெரியும், ஒரு தட்டி மறைப்பு, அதுக்குள்ள அத்தனை குரூப்பும். வீட்டுலயே கட்டிட்டு வர சொல்ல முடிஞ்சா அதுதான் நல்லது. முடியலன்னா வாசல்ல ரெண்டு அம்மாங்கள நிறுத்துங்க, உள்ள எந்த போனும் வெளில எடுக்கக் கூடாது, மேக்கப் அண்ணனா இருந்தா டிரஸ் முழுசா கட்டினப்பறம்தான் உள்ள வரணும். கண் மை ஒரே குச்சில எல்லாருக்கும் போடாதீங்க, ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ இருந்தா அடுத்த வாரம் கிளாஸே காலி.

ஒரு குழந்தை வந்து ஏதாவது சொன்னா

டான்ஸ் டீச்சர்கிட்ட புள்ளைங்க வீட்டுல சொல்லாதத சொல்லும். மாமா இப்படி பண்ணாரு, வேன் அண்ணன் அப்படி பண்ணாருன்னு ஒரு நாள் சொல்லலாம், இல்ல உங்க மிருதங்கக்காரர் பேரையே சொல்லலாம். பதறாதீங்க. முழுசா கேளுங்க, குறுக்கு விசாரணை பண்ணாதீங்க, "நெஜமாவா"ன்னு கேக்காதீங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, ஏன்னா நீங்க சொல்லியே ஆகணும். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு, அவ சொன்ன வார்த்தைய அப்படியே தேதி போட்டு எழுதி வைங்க.

அப்புறம் 1098க்கு போன் பண்ணுங்க, இல்ல 112, இல்ல நேரா மகளிர் ஸ்டேஷன். 2012ல வந்த போக்சோ சட்டத்துல 19வது பிரிவு படி பதினெட்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்ச யாரா இருந்தாலும், நடக்கப் போகுதுன்னு சந்தேகப்பட்டா கூட, போலீஸுக்கு தகவல் சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா 21வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ஒரு நிறுவனத்த நடத்தறவங்க தனக்கு கீழ வேலை பாக்கிறவங்க பண்ணத மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் போகும். சம்பவம் பாண்டில நடந்துச்சு வீடு தமிழ்நாட்டுலன்னு ஸ்டேஷன் மாத்தி ஸ்டேஷன் அலைய விட்டா, எந்த ஸ்டேஷன்லயும் புகார் வாங்கி எஃப்ஐஆர் போட்டு மாத்தி அனுப்பலாம்னு சட்டம் இருக்குன்னு தைரியமா சொல்லுங்க. குழந்தை பேர் வேற யார் காதுக்கும் போகக் கூடாது, ஸ்டேட்டஸ்ல சாடை மாடையா கூட போடாதீங்க. ரெண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு வெச்சு பஞ்சாயத்து பேசறதும் கூடவே கூடாது.

2023 மார்ச்ல சென்னைல ஒரு பெரிய நாட்டியக் கல்லூரில மாணவிங்க பாலியல் தொந்தரவுன்னு வளாகத்துலயே உக்காந்து போராடினது டிவி பேப்பர் எல்லாத்துலயும் வந்துச்சு. அவ்ளோ பெரிய இடத்துலயே புள்ளைங்க போராட்டம் பண்ணித்தான் பேச வேண்டியிருந்துச்சுன்னா, மாடில நடக்கிற நம்ம கிளாஸ்ல யார்கிட்ட போய் சொல்றதுன்னு ஒரு வழி இருக்க வேண்டாமா? 1098ங்கற நம்பர பெருசா எழுதி கண்ணாடி பக்கத்துல ஒட்டுங்க. உங்க மேலயே புகார்னா யார்கிட்ட சொல்லலாம்னு ஒரு வெளி ஆளோட பேரும் நம்பரும் அந்த பேப்பர்ல இருக்கட்டும்.

காசு

ஃபீஸ் கேக்க வெக்கப்படாதீங்க, கலைய விக்கிறோம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, கரண்ட் பில்லு நமக்கும் வருது. ஆனா ஃபீஸ் தராத புள்ளைய எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்தறது பாவம், அது பெரியவங்க விவகாரம், பெரியவங்ககிட்ட போன்ல பேசுங்க. தேவனாம்பட்டினத்துலேர்ந்து புள்ளைங்க வந்தா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம்ங்கறத ஞாபகம் வைங்க, போட்டுக்கு போற வீடுகள்ல அந்த ரெண்டு மாசம் வருமானம் இருக்காது, அவங்க கேக்கிறதுக்கு முன்னாடியே "ஜூலைலேர்ந்து பிரிச்சுக் கொடுங்க"ன்னு நீங்களே சொல்லிடுங்க. வாங்கின காசு ஜிபேல வந்தாலும் கைல வந்தாலும் நோட்டுல எழுதுங்க, ரசீது கொடுங்க.

அரங்கேற்றம்தான் குடும்பத்த கடன்ல தள்ளற இடம். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல்னு லைவ் வெச்சா அவங்க சம்பளம், ரிகர்சல் சம்பளம், போக்குவரத்து, ஹால் வாடகை, பட்டுல தைச்ச டிரஸ் ரெண்டு மூணு செட், டெம்பிள் நகை, பூ, மேக்கப், பத்திரிகை, வீடியோ, விருந்தாளிக்கு சால்வை, சாப்பாடு, அப்புறம் குரு தட்சணை. இத்தனையும் ஒரு வருஷம் முன்னாடியே வரி வரியா எழுதிக் கொடுங்க, தட்சணை எவ்ளோங்கறதையும் எழுதிடுங்க, "உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு அப்புறம் தட்டுல இருக்கிறத பாத்து முகம் வாடறது நல்லா இல்ல. டிரஸ் கடைலயோ ஹால்லயோ உங்களுக்கு கமிஷன் கொடுத்தா அத அவங்க பில்லுலயே கழிக்க சொல்லுங்க. வசதி இல்லாத வீட்டுக்கு பாடலீஸ்வரர் கோயில் மாதிரி ஒரு சன்னதில அனுமதி வாங்கி, ரெக்கார்டிங் போட்டு எளிமையா பண்ணலாம்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க, கவுரவம் தடுக்கும்.

சாதனை நிகழ்ச்சி, உலக ரெக்கார்டு, ஒரே நேரத்துல ஆயிரம் பேர்னு புரோக்கர் வருவாங்க, ஒரு புள்ளைக்கு இவ்ளோன்னு வாங்கி சர்டிபிகேட்டும் மெடலும் தருவாங்க. யார் நடத்தறாங்க, காசு எங்க போகுது, மேடை யார் போட்டாங்க, ஆம்புலன்ஸ் இருக்கா, பாத்ரூம் இருக்கா, எத்தனை மணி நேரம் வெயில்ல நிக்கணும், இத்தனையும் கேளுங்க. 2024 டிசம்பர் கடைசில கொச்சி ஸ்டேடியத்துல கின்னஸ் சாதனைக்குன்னு நடந்த பரதநாட்டிய நிகழ்ச்சில ஒரு எம்எல்ஏவே மேடைலேர்ந்து கீழ விழுந்து பலத்த காயம் ஆச்சு, ஆடினவங்ககிட்ட காசு வசூல் பண்ணது பத்தியும் புகார் வந்துச்சு. நம்ம கிளாஸ் பேர்ல "டிப்ளமா"ன்னு அச்சடிச்சு கொடுக்கிறதும் இதே மாதிரிதான் எனக்கு படுது. முறையா படிக்கணும்னு கேக்கிற புள்ளைக்கு கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளி, அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம், சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம்னு வழிய காட்டுங்க.

என்ன சொல்லித் தர்றோம், யாரோடத சொல்லித் தர்றோம்

பன்னெண்டு வயசு புள்ளைக்கு விரகத்துல தவிக்கிற நாயகி பாடற பதம் (காதல் பாட்டு) வேண்டாம், அர்த்தம் சொல்லாம ஆட வெச்சா பொம்மை மாதிரி ஆடும், அர்த்தம் சொன்னா அது அந்த வயசுக்கு இல்ல. நம்ம மண்ணுலயே முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை எல்லாம் தில்லை நடராஜர் மேல இருக்கு, பக்தியா, கம்பீரமா, எந்த வயசும் ஆடலாம். சிதம்பரம் கோபுரத்துல 108 கரணமும் (நாட்டிய சாஸ்திரத்துல சொன்ன ஆட்ட நிலைங்க) சிற்பமா இருக்கு, வருஷத்துக்கு ஒரு தரம் கூட்டிட்டுப் போய் காட்டுங்க, சிவராத்திரி சமயம் 1981லேர்ந்து நடக்கிற நாட்டியாஞ்சலிக்கு ஆட மட்டும் இல்ல, உக்காந்து பாக்கவும் கூட்டிட்டுப் போங்க.

நீங்க போடற கோர்வை (அடவுகள கோத்து அமைச்ச வரிசை) உங்க குருவோடதுன்னா அவங்க பேர மேடைல சொல்லுங்க. யூட்யூப்ல பாத்து எடுத்தத "என் நடன அமைப்பு"ன்னு பத்திரிகைல போடறது திருட்டு, வேற வார்த்தை இல்ல. நிகழ்ச்சில எத எந்த வரிசைல ஆடணும்ங்கற மார்க்கத்த ஒழுங்குபடுத்தினது தஞ்சை நால்வர்னு சொல்ற நாலு அண்ணன் தம்பிங்க, தலைமுறை தலைமுறையா கோயில்ல ஆடி காப்பாத்தினது தேவதாசி குடும்பங்களும் நட்டுவனார்களும், 1947ல பொட்டுக்கட்டறத (பொண்ணுங்கள கோயிலுக்கு நேர்ந்து விடறத) சட்டம் போட்டு நிறுத்தினாங்க, இதெல்லாம் பெரிய புள்ளைங்களுக்கு மறைக்காம, மரியாதையா சொல்லுங்க.

வேற கிளாஸுக்கு போறவங்க, வர்றவங்க

கல்யாணம், டிரான்ஸ்பர், டைமிங் ஒத்து வரல, இல்ல நம்ம பிடிக்கல, எதுக்கு வேணா போவாங்க. "என்கிட்ட கத்துக்கிட்டத வேற எங்கயும் ஆடக் கூடாது"ன்னு சொல்ற உரிமை நமக்கு இல்ல, மீதி கட்டின ஃபீஸ் இருந்தா திருப்பிக் கொடுங்க. நம்மகிட்ட புதுசா வர்ற புள்ளை வழுவூர் பாணியோ பந்தநல்லூர் பாணியோ, கை வேற மாதிரி இருந்தா "யாரு உனக்கு இப்படி சொல்லித் தந்தது"ன்னு இளக்காரமா கேக்காதீங்க, "நம்ம கிளாஸ்ல இப்படி வைப்போம்"னு சொன்னா போதும். பழைய டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க, பக்கத்து கிளாஸ் புள்ளைங்கள ஃபீஸ் கொறச்சு இழுக்காதீங்க. நம்மகிட்டேர்ந்து போற புள்ளைக்கு ஒரு வெள்ளை பேப்பர்ல எந்த அடவு வரைக்கும் முடிச்சுருக்கா, எந்தெந்த உருப்படி (ஆடற பாட்டு) முழுசா தெரியும், எது பாதில நிக்குது, முட்டி வலி மாதிரி ஏதாவது இருக்கான்னு எழுதி, கீழ உங்க போன் நம்பரும் போட்டுக் கொடுத்து அனுப்புங்க, புது டீச்சருக்கு எதாவது கேக்கணும்னா கூப்பிடுவாங்க.